செல்லையா திருப்பிக் கொண்டுவந்த பாலிசி

கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது சொல்லச் சொல்லி உங்கள் மேலாளர் என்னை அழைத்திருக்கிறார். விதிகளை அவரே சொல்வார். கம்ப்யூட்டர் விஷயத்தில் நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். என்னிடம் சொல்ல இருப்பது நான் செய்த ஒரு தப்பு. படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் நான் எழுதிய ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. ‘நோ.’

அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாப் பெரிய காரியத்துக்கும் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். நம் இன்சூரன்ஸ் கிளை தேனியில் பெரியகுளம் சாலையில், லாரி உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. பஞ்சுக் கிடங்குகளுக்குத் தீ காப்பீடு, லாரி, டிராக்டர், போடியிலிருந்து கிளம்பும் ஏலக்காய் மூட்டை. நாங்கள் பார்த்ததெல்லாம் பொருட்கள்தான். எரிந்ததா, நொறுங்கியதா, நனைந்ததா என்று கேட்டுப் பழகியவர்கள். எண்பதுகளின் பிற்பாதியில்தான் மனிதர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு திட்டம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். நோய், நொடி பற்றியெல்லாம் பெண்களிடம் பேசுவது சுலபம் என்று யாரோ சொன்னார்களாம். எனக்கு வயது முப்பத்திரண்டு. கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வியாழக்கிழமை காலையில் வயதான கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். அவர் நெட்டையாக, கறுப்பாக, வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தார். அந்த அம்மா சுங்குடிச் சேலை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, தலையில் கனகாம்பரம் சூடியிருந்தார். முகம் மட்டும் சீன முகம். சிறிய கண்கள், மஞ்சள் வெளுப்பு நிறம். அலுவலகத்தில் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும்தான்.

“என்ன தாயி அப்பிடிப் பாக்குற? வெயில்ல வந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு” என்றார் அந்த அம்மா.

கம்பம் பக்கத்துப் பேச்சு. அதுவும் என் வயதுக்காரர்கள் பேசுகிற பேச்சில்லை. அதற்கும் ஒரு தலைமுறை முந்தியது. நானே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அவர் பெயர் செல்லையா. அனுமந்தன்பட்டியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறி, ரப்பர் எஸ்டேட் ஒன்றின் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக வேலை பார்த்தவர். டிரஸ்ஸர் என்றால் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லை. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவாராம். மற்ற நாளெல்லாம் அந்த எஸ்டேட்டுக்கு செல்லையாதான் டாக்டர். அவர் மனைவி பெயர் லெட்சுமி. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு சீனக் குடும்பம் வளர்க்க வழியில்லாமல் எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. அந்தப் பெண் சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து போனவள். அந்தப் பேச்சுதான் லெட்சுமியம்மாவின் வாயில் இருந்தது.

இரண்டு பேரிடமும் மலேசியப் பாஸ்போர்ட். பென்ஷன் அங்கிருந்து வருகிறது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மீதிக் காலத்தை இங்கே கழிக்க வந்திருந்தார்கள். முன்பெல்லாம் அந்த நாட்டுக்காரர்கள் விசா இல்லாமலே வந்து இருக்கலாம் என்பார்கள். அந்தச் சட்டம் சில வருடங்களுக்கு முன் மாறிவிட்டது. இப்போது பிறந்த ஊரில் குடியிருக்க செல்லையாவுக்கு விசா வேண்டும். அதை நீட்டிக்க மதுரையில் வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கிற போலீஸ் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்த அதிகாரி ஒரு காகிதம் கேட்டிருக்கிறார்.

“வேலை வெட்டி இல்லாம வயசான காலத்துல தங்கப் போறீங்க, ஒடம்புக்கு முடியலேன்னா வைத்தியச் செலவ யாரு பாப்பான்னு கேக்குறாக. அதுக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு காட்டணுமாம்” என்றார் செல்லையா. “திங்கக்கெழமை கடேசி நாளு. அதுக்குள்ள குடுக்கலேன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.”

நான் படிவத்தை எடுத்தேன். அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். நாங்கள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வோம். அவர்கள் கடைசியில் கையெழுத்துப் போடுவார்கள். அதுதான் அன்றைய வழக்கம். முதலில் லெட்சுமியம்மாவுடையது. பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா, இல்லையென்றால் எந்த நோயில் இறந்தார்கள் என்று ஒரு கேள்வி.

“பெத்தவுகளா, வளத்தவுகளா?” என்று கேட்டார்.

நான் படிவத்தை மறுபடி பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

“பெத்தவுகள எனக்குத் தெரியாது தாயி. இருக்காகளா போயிட்டாகளான்னுகூடத் தெரியாது. வளத்த ஆத்தா மூச்சிரைப்புல போனா. ரெண்டையும் எழுதிக்க. ரெண்டும் நெசந்தான?”

சொன்னபடியே எழுதினேன். பிறகு செல்லையாவுடையது. இதற்கு முன் பெரிய நோய் எதுவும் வந்ததுண்டா என்று கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை.

“மூணு வருசத்துக்கு முந்தி நெஞ்சு வலி வந்து பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். இப்பவும் மாத்திரை சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

இங்கேதான் நான் நிதானம் இழந்தேன். அந்தத் திட்டம் புதிது. நோய் எதுவும் ‘இல்லை’ என்று இருந்தால் கிளையிலேயே பாலிசி கொடுத்துவிடலாம். ‘உண்டு’ என்று எழுதினால் படிவம் மதுரையில் எங்கள் வட்டார அலுவலகத்துக்குப் போய், டாக்டர் கருத்து வாங்கி, வந்து சேரக் குறைந்தது மூன்று வாரம். திங்கட்கிழமைக்கு நடுவில் இருந்தது நான்கே நாள். எதிரே இரண்டு வயதானவர்கள். ஒரு காகிதம் இல்லாததால் ஊரைவிட்டுப் போகப்போகிறார்கள். என் கையில் பேனா இருக்கிறது.

‘நோ’ என்று எழுதினேன்.

செல்லையா மூக்குக்கண்ணாடியைப் பையில் தேடினார். நான், “இங்கே போடுங்கய்யா” என்று இடத்தைக் காட்டினேன். “நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போட்டார். மறுநாள் மதியம் பாலிசி கைக்குப் போனது. திங்கட்கிழமை மதுரையில் ஒரு வருட நீட்டிப்புக் கிடைத்துவிட்டது என்று போன் பண்ணிச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. இரண்டு பேரைக் கரையேற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வடை சுட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள். கவுன்ட்டரில் கூட்டம். எங்களுக்கு அவசரம் இல்லை என்று கையைக் காட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நான் தனியாக இருக்கும்போதுதான் செல்லையா எழுந்து வந்தார். மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்று காத்திருந்திருக்கிறார். எனக்காகக் காத்திருந்திருக்கிறார். அது அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை.

பாலிசியோடு சேர்த்துத் தைத்திருந்த படிவ நகலை மேஜையில் விரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“தாயி, இங்கன ஒரு எழுத்து தப்பா விழுந்திருச்சு போல.”

அவர் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார். ‘ஆமாம், கைதவறிவிட்டது’ என்று சொல்லியிருக்கலாம். என்னவோ அவரிடம் பொய் சொல்ல நா எழவில்லை.

“தப்பா விழலய்யா. தெரிஞ்சுதான் எழுதினேன். இல்லேன்னா திங்கக்கிழமைக்குள்ள கிடைச்சிருக்காது.”

“அப்பிடியா” என்றார். கோபமே இல்லை. “அப்ப இது எனக்குக் குடுத்த பாலிசி இல்ல. நெஞ்சு வலி வராத ஒரு ஆளுக்குக் குடுத்தது. அந்த ஆளு வேற யாரோ.”

“இதை மாத்தினா போலீஸ்ல கொடுத்த அனுமதியே ரத்தாகலாம். தெரியுமாய்யா?”

“தெரியும். ரெண்டு நாளா அதே பேச்சுதான் வீட்டுல.”

லெட்சுமியம்மா பெஞ்சிலிருந்தே சொன்னார்: “எனக்கு இங்கனயிருந்து போக இஷ்டமே இல்ல தாயி. அத இவுககிட்டச் சொல்லியும் பாத்தேன். ஆனா இவுக ரெண்டு நாளா சோறு திங்கல.”

செல்லையா சற்று நேரம் அந்தக் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எஸ்டேட்டுல நான் எழுதுற சீட்ட வச்சுத்தான் டவுன்ல இருக்குற டாக்டரு மருந்து குடுப்பாரு. ஆள அவரு பாத்ததே கெடையாது. முப்பது வருசம் எங் கையெழுத்த மட்டும் நம்பி அங்கன ஒரு மனுசன் மருந்து எழுதிக்கிட்டிருந்தாரு. அதுக்கு மேல எனக்கு இதப் பத்திச் சொல்லத் தெரியல தாயி.”

நான் படித்த எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் நம் தொழிலை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நேரில் பார்க்காத ஒருவர், எழுதியதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான் காப்பீடு. அதைத் தெரிந்த மனிதரிடம்தான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியிருக்கிறேன்.

சரி, இனி நான் என்ன செய்வது? ஒரு யோசனை வந்தது, உங்களிடம் ஒளிப்பானேன். பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று, பழைய தேதி போட்டு எழுதிவிட்டால்? யாருக்கும் தெரியாது. கை மேஜை இழுப்பறை வரை போனது. எதிரே அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இழுப்பறையை மூடிவிட்டு, மேலாளர் சாப்பிட்டுத் திரும்பியதும் அவர் அறைக்குப் போனேன்.

எங்கள் மேலாளர் போடிக்காரர். சத்தம் போட்டுப் பேசாதவர். முழுக்கக் கேட்டார். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“நாளைக்கு அவருக்கு மறுபடி நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி பில்லு நம்மகிட்ட வருது. நம்ம ஆளுக மலேசியாவுக்கு எழுதிக் கேப்பாக. பன்னெண்டு நாள் படுத்திருந்தது தெரிஞ்சுபோகும். அப்ப ஃபைல்ல யார ஏமாத்துக்காரன்னு எழுதுவாக, உன்னயா, அவரயா?”

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அந்த ‘நோ’ உங் கையெழுத்துல இருக்கு. ஆனா கீழ இருக்குறது அவரு பேரு. நீ அவருக்கு ஒதவி செய்யலம்மா. அவரு வாயில ஒரு பொய்ய வச்சு அனுப்பியிருக்க.”

இதை இத்தனை வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. கவுன்ட்டரின் அந்தப் பக்கம் இருப்பவர்மேல் இரக்கம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இரக்கம் நல்லதுதான். அடுத்தவர் பெயரில் அதைச் செலவு செய்யாதீர்கள்.

பாலிசி ரத்தானது. புதுப் படிவம் எழுத உட்கார்ந்தோம். இந்த முறை நோய் பற்றிய கட்டம் வந்தபோது பேனாவை செல்லையாவிடமே கொடுத்தேன். அந்தக் கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம். அவர் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். அச்சடித்த மாதிரி ஆங்கில எழுத்தில் எழுத ஆரம்பித்தார். வலி வந்தது எத்தனை மணிக்கு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், வலி எந்தத் தோளுக்குப் போனது, எத்தனை நிமிடம் நின்றது, என்ன மருந்து, எத்தனை வேளை. இருபது வருடம் சுருட்டுப் பிடித்தது. கடைசியாக ஒரு வரி: நடுவில் இரண்டு மாதம் நானே மாத்திரையை நிறுத்தினேன், அது என் தவறு. யாரோ ஒரு நோயாளியைப் பற்றி எழுதுவது போலத் தன்னைப் பற்றியே எழுதினார். ஒரு இடத்தில்கூட அடித்துத் திருத்தவில்லை. அந்தத் தாளைப் படிவத்தோடு சேர்த்துத் தைத்தேன்.

வட்டார அலுவலகம் பார்த்துவிட்டு, இதயத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு மட்டும் காப்பீடு என்று பாலிசி கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி மதுரைக்குப் போக வேண்டும். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“காயிதத்த அவுக கையில குடுத்துவிட்டுட்டு இங்கன ஒக்காந்துக்கிராத. நீயும் போ.”

போலீஸ் அலுவலகத்தில் அந்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். மேஜையில் கோப்புகள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். பழைய பாலிசியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். நிமிர்ந்து செல்லையாவைப் பார்த்தார்.

“ஒரு மாசத்துக்கு முன்னாடி எல்லா நோய்க்கும் இருக்குன்னு ஒரு பேப்பர் கொடுத்தீங்க. அதை வச்சுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப நீங்களே வந்து இதயத்துக்கு இல்லைங்கிறீங்க. அப்ப முதல்ல கொடுத்தது பொய்யா?”

“ஆமா சார்.”

“அரசாங்கத்துக்குப் பொய்யான பேப்பர் கொடுக்கிறது என்னன்னு தெரியுமா? இதை யார் எழுதினது?”

வேலை, வீடு, அம்மா, எல்லாம் ஒரு கணத்தில் என் மனதில் வந்து போயின. நான் வாயைத் திறப்பதற்குள் செல்லையா சொன்னார்: “வாசிக்காம கையெழுத்துப் போட்டது நான்தான் சார்.”

“இல்லை சார். எழுதியது நான்” என்றேன். “அவர் நோய் இருக்குன்னுதான் சொன்னார். நான்தான் இல்லைன்னு எழுதினேன்.”

“இந்தப் பிள்ள எங்களுக்காகத்தான்...” என்று செல்லையா ஆரம்பித்தார்.

“எதுக்காக எழுதினாலும் எழுதியது நான்தான் சார்.”

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லெட்சுமியம்மா பக்கம் திரும்பினார். “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? தப்பு ரெண்டு பேருதும்தான். திருத்த வந்து நிக்கிறதும் அதே ரெண்டு பேருதான்.”

அவர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். நீட்டிப்பை நிறுத்தி வைப்பதாகவும், இனி முடிவு மெட்ராஸில்தான் என்றும், அதுவரை ஊரைவிட்டு எங்கும் போகக்கூடாது என்றும் சொன்னார். நாங்கள் எழுந்தபோது செல்லையா எழுதிய அந்த வெள்ளைத்தாளை மட்டும் மறுபடி எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம். இதற்குள் எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. ஒரு வருடத்து ஊதிய உயர்வு நின்றது. மேல்முறையீடு செய்யலாம் என்று யூனியன்காரர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் தபால் வரும் நேரத்தில் மட்டும் என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

ஏழாவது வாரம் கடிதத்தின் நகல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. ஒரு வருடம் தங்கலாம். இதய நோய்க்கான செலவைத் தன் பென்ஷனிலிருந்தே பார்த்துக்கொள்வதாக செல்லையா எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பம். அந்தக் கடிதத்தில் மதுரை அதிகாரியின் பரிந்துரையையும் குறிப்பிட்டிருந்தார்கள். தனக்குப் பாதகமான உண்மையைத் தானே வந்து சொன்ன விண்ணப்பதாரர் என்று அவர் எழுதியிருந்திருக்கிறார். போன் பண்ணாமல் நானே கடிதத்தை எடுத்துக்கொண்டு அனுமந்தன்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டில் கூடத்தின் நடுவே இரண்டு இரும்புப் பெட்டிகள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியபடி இருந்தன. சுவரில் ஒரு படம் இல்லை, கொடியில் ஒரு துணி இல்லை. அடுப்படியில் இரண்டு தட்டு, ஒரு சட்டி. ஆறு வாரமும் அப்படியே இருந்திருக்கிறார்கள். போகச் சொன்னால் அன்றைக்கே கிளம்பத் தயாராக. செல்லையா அந்தப் பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடிதத்தைப் படித்துச் சொன்னேன். செல்லையா கட்டை முடித்து, முடிச்சுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் கடிதத்தை வாங்கினார். இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

லெட்சுமியம்மா தரையில் உட்கார்ந்து பெட்டிக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். நான் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். “ஆத்தாடி... எம்புட்டு இறுக்கமாக் கட்டிருக்காரு பாரு இந்த மனுசன்” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்தது சுருக்கம்தான். அடுத்த வருடம் லெட்சுமியம்மாவுக்குப் பித்தப்பையில் கல். மதுரையில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிச் செலவுக்கான கோரிக்கையை வட்டார அலுவலகத்தில் பரிசீலித்தவர், பெற்றோருக்கு இருந்த நோயை அந்த அம்மா மறைத்திருக்கிறாரா என்று ஒரு குறிப்பு எழுதிக் கேட்டார். படிவத்தை எடுத்து அனுப்பினேன். பெற்றவர்கள் தெரியாது, வளர்த்தவள் மூச்சிரைப்பில் இறந்தாள் என்று இருந்தது. அந்த வாரமே பணம் கிடைத்தது.

செல்லையாவின் இதயத்துக்கு ஒருநாளும் ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. மூன்று வருடம் அந்த ஊரில் அவர் கட்டுப் போடாத கால் இல்லை என்பார்கள். காலையில் லெட்சுமியம்மா அடுப்பு வேலை பார்க்கும்போது பேப்பரைச் சத்தமாக வாசிப்பது அவர் வழக்கம். ஒருநாள் ஒரு செய்தியைப் பாதி வாசித்தவர் மீதியை வாசிக்கவில்லை. அந்த அம்மா, “ம், அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்திருக்கிறார்.

மலேசியாவில் ஈப்போவிலிருந்து மகள் வந்து அப்பாவின் காரியங்களை முடித்து, அம்மாவைக் கூட்டிப்போக டிக்கெட் வரை பேசிவிட்டாள். நீட்டிப்புக்கான நாளும் நெருங்கியிருந்தது. லெட்சுமியம்மா தனியாக நம் மாடிப்படி ஏறி வந்தார். பாலிசியைப் புதுப்பித்துக்கொண்டார். பிறகு போலீஸ் அலுவலகத்துப் படிவத்தை எடுத்து என் முன் வைத்தார்.

“இங்கன தங்குறதுக்குக் காரணம்னு கேட்டுருக்காக. போன வருசம் வரைக்கும் ‘கணவருடன்’னு எழுதிக்கிட்டிருந்தேன். இப்ப என்னத்த எழுத?”

என் நாக்கு நுனியில் ஒரு நல்ல காரணம் வந்து நின்றது. ‘கணவரின் நிலத்தைப் பராமரிக்க.’ எந்த அதிகாரியும் மறுக்க மாட்டார். செல்லையாவுக்கு நிலம் எதுவும் கிடையாது. நான் பேனா மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வேலையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த உருண்டை எழுத்தில், ஒவ்வொரு சொல்லாக எழுதினார்.

‘மகள் ஈப்போவில் இருக்கிறாள். கூப்பிடுகிறாள். போனால் நன்றாகப் பார்த்துக்கொள்வாள். எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது.’

“போதுமா தாயி?”

“உங்களுக்குப் போதும்னா போதும்மா” என்றேன்.

நான்கு நாள் கழித்து மதுரையிலிருந்து போன். பழைய அதிகாரி மாறிப் போய்விட்டார். இவர் புதியவர், குரல் இளமையாக இருந்தது. இன்சூரன்ஸ் காகிதத்தில் என் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

“மேடம், இந்தம்மா காரணம்னு எழுதியிருக்கிறதை நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார். என் முன்னாடிதான் எழுதினாங்க.”

“மகள் கூப்பிடுறாள்னு அவங்களே எழுதியிருக்காங்களே. வேற காரணம் ஒண்ணும் இல்லையா?”

“இல்லை சார். அதுதான் காரணம்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “இருக்கட்டும் மேடம்” என்றார். பிறகு மேஜைமேல் முத்திரை விழும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை.